தேற்ற ஏகாரம்

தூர்க்கு நகரத்தில் நவம்பர்.
மூன்று மணிக்கே விளக்குப் போட்டாயிற்று.
முதல் குழாய்: தெல்லெர்வோ லிண்ட்ரூஸ்,
ஐம்பத்து நான்கு வயது,
தீவுப் படகில் சமையற்காரி.

பழைய அட்டையில் ஏ.
இன்றைய குழாயில் ஓ.

யாரோ மாற்றி ஒட்டிவிட்டார்கள் என்று
திட்டிக்கொண்டே மறுபடி துளி விடுகிறாள் ஹில்க்கா.
ஓ.
பிறகுதான் கோப்பைப் புரட்டுகிறாள்.
எலும்பு மஜ்ஜை. பதினெட்டு மாதம் முன்பு.
கொடுத்தவர் அண்ணன், ஆவுலிஸ்.

கோப்பில் இல்லாதது:
அந்த அண்ணனோடு அவள் பேசி ஒன்பது வருடம்.
ஒரு சவுனாக் கொட்டகை,
அதன் முன்னால் முப்பது அடிக் கரை,
அவ்வளவுதான் சண்டை.
வந்தான், கையெழுத்திட்டான், இடுப்பைக் காட்டினான்,
காப்பிகூடக் குடிக்காமல் கடைசிப் படகைப் பிடித்தான்.
அவன் விட்டுப்போனது அவள் எலும்புக்குள் முளைத்து
நாள் தவறாமல்
ஓ ஓ என்று சிவக்கிறது.

அவளே என்றால் உறுதி.
அவளோ என்றால் சந்தேகம்.
ஓர் எழுத்துத்தான்.

அடுத்த மேசையில் கண்ணாடித் தகடு.
வந்த குருதி வீட்டுக்காரியைக் கடிக்கிறதா என்று அறிய
முன்சிறுகுடலில் கிள்ளிய துணுக்கு, எள்ளளவு.
ஏ இருக்கும் இடமெல்லாம் பழுப்பேறும் சாயம்.
ஹில்க்கா குனிகிறாள்.

சளி சுரக்கும் செல்கள் பழுப்பு,
ஒவ்வொன்றும் ததும்பிய கோப்பை.
சுரப்பிகளின் வாய் பழுப்பு.
தானாடாவிட்டாலும் தன் தசையாடும் என்பார்களே,
தசை வெளுத்துக் கிடக்கிறது.
நரம்பும் வெளுப்பு. அதற்கு எந்த வகையும் தெரியாது.
ஈரலைக் கேட்டாலும், மூளையைக் கேட்டாலும்
அந்தச் செல்களிடம் பதில் இல்லை.
ஆனால் அவற்றுக்கு நடுவே ஓடும்
மயிரிழைக் குழாய்க்குக்கூட
உட்சுவர் முழுக்க ஏ.

இங்கேதான் அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

ஏ என்று எழுதிய கரைகளுக்கு நடுவே
நிறமில்லாமல் போகிறது ஓ.
தங்கையின் வாய்க்காலில்
அண்ணனின் தண்ணீர்.

ஓவுக்கு ஏ பிறவிப் பகை.
வேறு யார் உடலென்றாலும்
கண்ட இடத்தில் கல்லெறியும்.
இங்கே எதிர்ப்பொருளைத் தேடித் தேடிப் பார்த்தாள்,
ஒரு கல் இல்லை.
போதாக்குறைக்கு
வந்த சிவப்பணுக்களில் சில
அவள் குருதிநீரில் மிதந்த ஏவை
லேசாகத் தோளில் போட்டுக்கொண்டிருக்கின்றன,
குளிருக்கு இரவல் வாங்கிய துண்டு மாதிரி.

படிவத்தில் ஒரே ஒரு கட்டம்.
ரத்த வகை: ஓ, என்று எழுதினாள்.
குறிப்பு என்ற இடத்தில்
தோல், குடல், குழாய்ச் சுவர், எச்சில் என்று தொடங்கி
இடம் போதாமல் நிறுத்தினாள்.
அடுத்த குழாய் காத்திருந்தது.

அதே நேரம் தீவில்
தெல்லெர்வோ ஓர் உறைக்குள் காகிதம் மடித்து வைக்கிறாள்.
கடிதம் இல்லை.
கரைக்கு இந்த வருட வரி, அதில் பாதித்தொகை,
ரசீது.
ஆவுலிஸின் முகவரியை எழுதி
உறையின் பசை ஓரத்தை
நாக்கால் மெல்ல நனைத்து
ஒட்டுகிறாள்.

ஏ.