ஒன்பதாம் பலகை

காலை ஆறரை. ஞானசீலனின் தோணியில்
மீற்றரை மடியில் வைத்துக்கொண்டு போகிறேன்.
கயிற்றில் அரைப் பாகத்துக்கொரு முடிச்சு,
நானே போட்டது.
கச்சான் மேல்தண்ணியைக் கடல் பக்கம் தள்ளிக்கொண்டிருக்கிறது.
அடியால் கடல், சத்தமில்லாமல்,
படுவான்கரைக்கு ஏறிக்கொண்டிருக்கிறது.

மேலே எழுநூற்று நாற்பது.
முதல் முடிச்சில் தொள்ளாயிரம்.
இரண்டாவதில் மூவாயிரத்து அறுநூறு.
மூன்றாவதில் பதினோராயிரத்து இருநூறு.
ஒரே ஆறு, ஒரே தோணி, ஒரே நிமிஷம்.
படிவத்தில் ஒரே ஒரு பெட்டி.

வட்டவிதானை பூபாலபிள்ளைக்கு
மேல்தண்ணிதான் ஆறு.
எண்ணெய்க் கேனில் கட்டி மிதக்கவிட்ட குழாயால்
இரவிரவாக உறிஞ்சுகிறார்.
"குடலைப் பருவம் மிஸ். இன்னும் பத்து நாள்.
மறுகா ஒரு சொட்டும் கேக்கமாட்டம்."
வரம்போரம் நெல்லின் நுனி
நெருப்பில் காட்டி எடுத்ததுபோல் வெளுத்திருக்கிறது.

நகரத்துக்கு அடித்தண்ணிதான் ஆறு.
எங்கள் குழாய்வாய் இரண்டாம் முடிச்சில் இருக்கிறது;
யாரோ ஒரு எஞ்சினியர், மழை தாராளமாய்ப் பெய்த வருஷத்தில்,
இங்கேயே இருக்கட்டும் என்று வைத்தது.
பூபாலபிள்ளை மேலே ஒரு சாண் எடுத்தால்
கீழே உப்பு ஒரு சாண் எழும்பும்.
ஊறணியில் ஆதம்பாவாவின் தேத்தண்ணிக் கடையில்
பால் திரைகிறது.
கிளினிக்கில் பிரஷர்காரர்களுக்கு
உப்பைக் குறையுங்கள் என்கிறார்கள்;
அவர்கள் தலையாட்டிவிட்டு
விறாந்தைப் பைப்பில் தண்ணி பிடித்துக்
குளிசை விழுங்குகிறார்கள்.
கந்தோருக்கு நாளுக்கு நாற்பது அழைப்பு.
ஒருத்தி கேட்டாள்:
"கறிக்கு உப்புப் போடவோ, விடவோ?
அதையாவது சொல்லுங்க."

கூட்டம் கச்சேரியில் நடந்தது.
விவசாயம் ஒரு பக்கம், நீர்வழங்கல் ஒரு பக்கம்,
நடுவில் வடைத்தட்டு.
மூன்றரை மணித்தியாலத்தில் முடிவு:
கீழணையில் பதினாலு பலகையையும்
எண் எழுதி, நெட்டுக்கு நிறுத்துவது;
இரவில் மோட்டர் இல்லை;
தினமும் காலையில் ஓர் அளவு, ஒரு கையொப்பம்.
கையொப்பம் என்னுடையது.
இறாலைப் பற்றி யாரும் பேசவில்லை.
இறால்காரரை யாரும் கூப்பிடவுமில்லை.

பதினொரு நாள் எண் இறங்கியது.
பன்னிரண்டாம் நாள் ஏறியது.
அடுத்த நாள் இன்னும்.
அணைக்குப் போய் எண்ணினேன். பதின்மூன்று.
எட்டுக்கும் பத்துக்கும் நடுவில்
பல் விழுந்த இடம்,
அதற்குள்ளால் கடல் நாக்கை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் தோணியில் ஏறினால்
புது இருக்கை.
சீவி, தார் பூசி, அளவாய் அடித்தது.
வாய் மூடாமல் பேசுகிற மனுஷன்
தாங்குகம்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.
"நல்ல பலகை" என்றேன்.
"ஓம் மிஸ்."
"இறால் வருகுதா?"
"ஒள்ளுப்பம்."
என் விரல் பலகையின் அடியைத் தடவியது.
தாருக்குக் கீழே பெயின்ற் தடித்து நின்றது:
ஒரு சுழி, ஒரு வால்.

தோணிக்கூலி நாலு மாசமாய் இவனுக்குப் போகவில்லை.
பவுச்சர் என் மேசையில்தான் கிடக்கிறது,
யாருடையதோ ஒரு கையெழுத்துக்காக.

முதல் முடிச்சு. இரண்டாம் முடிச்சு. மூன்றாம் முடிச்சு.
இவன் உள்ளே விட்ட கடலை
இவன் பலகையில் குந்தியிருந்து அளந்தேன்.
பெட்டிக்குள் ஓர் எண் எழுதினேன்,
மற்றவற்றைக் கோட்டுக்கு வெளியே
ஓரத்தில், சின்ன எழுத்தில்.
குறிப்பு என்ற இடத்தில்
"பலகை ஒன்று" என்று தொடங்கிய பேனை
அதற்கப்பால் போகவில்லை.

கரையில் இறங்கும்போது கேட்டான்:
"எவ்வளவு மிஸ் இண்டைக்கு?"

"எந்த முடிச்சில?" என்றேன்.