முதல் கால்

சசூன் டாக்கில் இரவு இரண்டரை.
ஐஸ் ஆலையின் மாடியில் சர்வர் அறை.
ஏசி காற்றிலும் இறால் வாடை.

விசிறிகள் மட்டும் முழு மூச்சில் சுழல்கின்றன.
திரை கறுப்பு.
முகப்பில் ஒரு மஞ்சள் விளக்கு
சிமிட்டி நிற்கிறது, சிமிட்டி நிற்கிறது,
சொல்ல வந்த பெயர் நாக்கில் ஏறாதவனைப் போல.

வட்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.
இருபது வருட மீன்கணக்கு உள்ளே பத்திரம்.
எழுந்ததும் முதலில் கண்ணைத் திற என்று சொல்லும்
அந்தச் சின்னக் குரல்தான் போய்விட்டது.

தலைமை அலுவலகம் அனுப்பிய அப்டேட்.
அறுபத்திரண்டு சதவீதத்தில் கரண்ட் போனதாம்.
"ஐந்து மணிக்கு ஏலம்,
எடைச்சீட்டு வராவிட்டால்
கூடைக்காரிகள் என்னைத் தராசில் ஏற்றுவார்கள்"
என்கிறாள் தமயந்தி தாண்டேல், பாதி சிரித்து.

ஜம்பரை மாற்றினேன்.
பென்டிரைவில் மீட்புக் கோப்பு வைத்தேன்,
அதன் பெயரைப் பெரிய எழுத்தில், சிறிய எழுத்தில்,
எனக்குத் தெரிந்த எல்லா எழுத்திலும்.
அதே மஞ்சள்.

சரி.
மின்கம்பி இரண்டையும் உருவி,
நாணயம் போன்ற பேட்டரியையும் நெம்பி எடுத்து,
மூடியைக் கழற்றினால்
போர்டின் மூலையில் எட்டுக் கால்,
கொடுக்கு இல்லாத நண்டு ஒன்று,
சுண்டுவிரல் நகத்தளவு.
கொடுக்கு என் பையில் இருக்கிறது.

முதல் கால் எதுவென்று ஒரு புள்ளி சொல்லும்.
மாற்றிக் கவ்வினால் கருகும்.
டார்ச்சைச் சாய்த்துத்தான் அந்தப் புள்ளியைக் கண்டேன்.

அழிப்பதற்கு முன் படி.
இரண்டு முறை படி.
இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டும் நம்பு.
என்னுடையவை ஒத்துவரவில்லை.
கால்களில் கடலுப்பு.
ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு மறுபடி கவ்வவைத்தேன்.
மூன்றாவதும் நான்காவதும் ஒன்று.

மடிக்கணினியில் பாதிவரை ஒழுங்கான எண்கள்.
பிறகு எஃப் எஃப் எஃப் எஃப்,
பக்கம் பக்கமாக.
இந்தச் சில்லில் வெறுமை சுழியாக இருப்பதில்லை,
எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கும்.
உருட்டிக்கொண்டே போனேன்.
அடிவாரத்தில், ஒரு ஓரமாக,
வரிசை எண். மேக் முகவரி.
வெள்ளம் அள்ளிப்போன வீட்டில்
கதவிலக்கத் தகடு நிற்பதுபோல்.

நல்ல நகலை அப்படியே கொட்டலாம், எழுந்துவிடும்.
தான் யாரென்று தெரியாமல் எழும்.
எடை மென்பொருள் அதன் முகத்தைப் பார்த்துவிட்டு
உரிமம் உனக்கில்லை என்று திருப்பி அனுப்பும்.
ஆகவே உடைந்ததிலிருந்து பெயரை மட்டும் வெட்டி
புதியதில் தைத்தேன். பதினெட்டு எழுத்து.
ஒன்று தவறாகி, திருத்தி, மறுபடி.

அழி. எழுது. சரிபார்.

வாட்ச்மேன் தோண்டிபா தேநீர் கொண்டுவந்தார்.
வைத்துவிட்டுப் போகவில்லை.
யுபிஎஸ்ஸின் மூடி ஏன் இத்தனை லேசாக இருக்கிறது
என்று திறந்து பார்த்தேன்:
தூசிக்கு நடுவே தூசியில்லாத இரண்டு செவ்வகங்கள்.
அவர் கூரையைப் பார்த்தார்.

எழுதி முடிய மூன்று நிமிடம் இருக்கையில்
கரண்ட் மறுபடி போனது.
மடிக்கணினி அசரவில்லை, எழுதிக்கொண்டே இருந்தது.
ஜன்னலுக்குக் கீழே முழு டாக்கும் இருட்டு;
இறால் உரிக்கும் கொட்டகையில் மட்டும் ஒரு குழல்விளக்கு.
பதினைந்து இருபது பெண்கள்.
விரல்கள் நிற்காமல் ஓடின.
நானும் தோண்டிபாவும் ஒரே ஜன்னலில் நின்றோம்.
தேநீரில் இஞ்சி அதிகம்.

கரண்ட் வந்தது நான்கு மணிக்கு.
பொத்தானை அழுத்திய பிறகு
ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்காது.
அதற்குள் பயந்து அணைத்துவிடுகிறவர்கள் உண்டு;
நானும் ஒருமுறை அணைத்திருக்கிறேன், அந்தேரியில்.
தமயந்தி நகத்தைக் கடித்தாள்.
பிறகு ஒரு பீப்.
ஒன்றே ஒன்று.

பெயர் நினைவிருந்தது.
தேதிதான் மறந்துபோயிருந்தது: ஏதோ ஒரு ஜனவரி ஒன்று.
கையால் ஜூலைக்குக் கொண்டுவந்தேன்.

அறிக்கைப் படிவத்தில்
காரணம்: மின்தடை.
பரிந்துரை: பேட்டரி, இரண்டு.
கீழே முதல் கூடை தராசில் விழும் சத்தம்.
இரண்டை அடித்துவிட்டு
நான்கு என்று எழுதினேன்.