அச்சு நிறை

"மகனுக்கா அக்கா?" என்றான் பர்ஹாத்.
"எனக்கு" என்றேன்.
டொக்கியார்ட் வீதி, மேல்மாடிக் கடை.
கீழே மான் ஒன்று
விழாத லொத்தர்ச் சீட்டைத் தின்றுகொண்டு நின்றது.
பர்ஹாத் என்னை இன்னொரு தடவை பார்த்தான்,
பிறகு இரண்டு பெட்டிகளை மேசையில் வைத்தான்.

ஒன்றுக்குக் கணினி வேண்டும்,
பின்னால் வால்போல வயர் இழுபடும்.
மற்றது தனக்குத்தானே கணினி.
படப்புள்ளி, பார்வைக் கோணம்,
செக்கனுக்குத் தொண்ணூறு படம்,
பாடமாக்கியதை ஒப்புவிப்பதுபோல் சொல்லிக்கொண்டே போனான்.
இடைமறித்துக் கேட்டேன்:
"நிறை எவ்வளவு?"

சீனக்குடா மாவு ஆலை வாசலில்
பதினொரு வருடம் லொறி நிறுக்கிறேன்.
ஏற்றிய லொறி, வெறும் லொறி,
கழித்தால் மாவு.
வேறென்ன கேட்கத் தெரியும் எனக்கு?

"அரைக் கிலோ."
"முன் அச்சில் எவ்வளவு, பின் அச்சில் எவ்வளவு?"
முழித்தான்.
மூக்கைத் தொட்டுக் காட்டினேன், பிறகு பிடரியை.
சுமை முழுவதும் முன்னால் ஏற்றினால்
எந்த லொறியும் மூக்குக் குத்தும், தம்பி.

"போட்டுத்தான் பாருங்களேன்" என்றான்.
கடல்.
திமிங்கிலம் ஒன்று காதோரம் திரும்பிப் போனது.
இரண்டு தெரு தள்ளிக் கடல் சும்மா கிடக்க
இதற்கா இத்தனை இலட்சம் என்று
சிரிக்க வாயெடுத்துத் தலையைத் திருப்பினேன்.
படம் மயிரிழை பிந்தி வந்தது.
பத்து வயதில் மூதூர் லோஞ்சில் கக்கியது
அப்படியே தொண்டைக்கு வந்து நின்றது.
லொறி ஏறியதும், அடங்குமுன்,
தராசில் இலக்கங்கள் தவிக்குமே,
அந்தத் தவிப்பு வயிற்றில்.

கதிரை தந்தான். தோடம்பழ இனிப்புத் தந்தான்.
"கடைக் கணினி பழசு அக்கா, அதுதான்.
நல்ல கார்ட் போட்டால் பிந்தாது.
பாவித்த கார்ட் ஒன்றும் இருக்கு, பாதி விலை."
எங்கோ இரவு பகலாக
இல்லாத நாணயம் தோண்டிய கார்டாம் அது.
வாழ்ந்து முடிந்த லொறிக்குப் பெயின்ற் அடித்து
என் வாசலுக்கு எத்தனை பேர் கொண்டுவந்திருக்கிறார்கள்!
வில்லுத் தகடு சொல்லிவிடும்.
வேண்டாம் என்றேன்.

இரவு
பெனடிற் அடிமட்டத்தை என் புருவத்தில் வைத்தான்.
கண்மணிக்கும் கண்மணிக்கும் இடைத்தூரம் தெரியாமல்
வாங்கக் கூடாதாம்.
"அசையாதே."
"நீ மூச்சு விடாதே, கூசுது."
அறுபத்தொரு மில்லிமீற்றர்.
ஒன்பது வருடக் கலியாணத்தில்
ஆளாளுக்கு ஏதேதோ கேட்டார்கள் என்னிடம்,
இதை ஒருவரும் கேட்டதில்லை.

பிறகு தரையை அளந்தோம்.
இரண்டு மீற்றருக்கு இரண்டு மீற்றர் வேண்டும்.
கட்டிலை நகர்த்தினால் அலுமாரி முட்டியது.
கூடத்தில் விசிறி தாழ்வு,
கையை உயர்த்தினால் விரல் போய்விடும்.
"மற்ற அறை" என்றான் பெனடிற்,
அடிமட்டத்தைப் பார்த்தபடி.
மஞ்சள் பெயின்ற் அடித்த அறை.
அதை அளக்கத் தேவைப்படவில்லை.

தனக்குத்தானே கணினியானதை எடுத்தேன்.
பின்பட்டியில் பற்றரி, தனி விலை,
மூக்கும் பிடரியும் ஒருவாறு சமம்.
"கணினி அக்கா?"
சீட்டு விழட்டும்.
அதற்குள் என் வயிறு பழகிக்கொள்ளும்,
நாளுக்குப் பத்து நிமிடம் போதுமாம் முதலில்.

அடுத்த நாள்,
ஆலை வாசலில் லொறி வராத ஒரு இடைவெளியில்
பெட்டியைத் தராசு மேடையில் வைத்தேன்.
சுழியம்.
இருபது கிலோவுக்குக் கீழே
எங்கள் தராசுக்கு உலகம் கிடையாது.
நானும் ஏறினேன்.
அறுபது.
எதிலிருந்து எதைக் கழிப்பது என்று நிற்கையில்
கோதுமை லொறி ஹோர்ன் அடித்தது,
பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.