வந்த நோக்கம்

லாட்ஜ் பதிவேட்டில் ஏழாவது கட்டம்
வந்த நோக்கம் என்ன என்று கேட்டது.
எங்களுக்கு மேலே பக்கம் முழுக்க
சிகிச்சை, சிகிச்சை, செக்கப், சிகிச்சை.
ஜெசிந்தா பேனாவை என்னிடமிருந்து பிடுங்கி
சுற்றுலா என்று எழுதினாள்,
கரும்பலகையில் எழுதுகிற அதே குண்டு எழுத்தில்.
பாபுராவ் தெருவில்
நிமிர்ந்து பார்க்காமலே சாவி எடுத்துத் தருகிற மேனேஜர்
அன்றைக்கு நிமிர்ந்தார்.
"மே மாசத்துலயா?"

மறுநாள் ஒரு துணுக்குச் சதை எடுத்தார்கள்.
அரிசியளவுதான்.
முடிவுக்கு நாலு நாள்.
தூத்துக்குடியிலிருந்து இவ்வளவு தூரம் வந்து
ஃபேன் சுற்றுவதையா பார்ப்பது என்றாள்.

வெளியே வேலூர் கொதித்துக் கிடந்தது.
ஆட்டோ சீட்டில் முந்தானையை மடித்துப் போட்டு
அதன்மேல் உட்கார்ந்தாள்.
பாலாற்றுப் பாலத்தில் நிறுத்தச் சொல்லி
மணலைப் படம் எடுத்தாள்.
"ஆறுன்னு போட்டிருக்கு, தண்ணி எங்க?"
"கீழ கீதும்மா" என்றார் முபாரக்.
கீதும்மா.
எங்கள் ஊர்க் கடல் அறியாத அந்தச் சொல்லை
அவள் வாயில் போட்டுக்கொண்டாள்.
வெயில் கீது, பசி கீது,
பாவம் உங்களுக்குத் தொப்பையும் கீது.

கோட்டை அகழியில் தண்ணீர் இருந்தது.
ஆற்றில் இல்லாதது இங்கே இருப்பதை
ஓர் ஊழலைக் கண்டுபிடித்தவள்போலக் காட்டினாள்.
கோயில் மண்டபத் தூணில்
காளைக்கும் யானைக்கும் சேர்த்து ஒரே தலை.
ஒரு பக்கத்தை உள்ளங்கையால் மறைத்தாள், யானை.
மறுபக்கத்தை மறைத்தாள், காளை.
இரண்டு கையையும் எடுத்துவிட்டு
வெகுநேரம் நின்றாள்.
கல் குளிர்ச்சியாக இருந்தது என்று
பிறகு சொன்னாள்.

அகழிக் கரையில் ஒரு வங்காளி தம்பதி
போனை நீட்டிச் சைகை செய்தார்கள்.
எடுத்துக் கொடுத்தேன்.
அந்தம்மா தலைமுடியைச் சரிசெய்யக் கை தூக்கியபோது
முழங்கை மடிப்பில் பஞ்சு, குறுக்கே பிளாஸ்டர்.
ஜெசிந்தா தன் கையைத் திருப்பிக் காட்டினாள்.
அதே பஞ்சு. அதே பிளாஸ்டர்.
இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில்
மொழி ஒன்றும் இல்லை.
பையிலிருந்து மக்ரூன் பொட்டலத்தைப் பிரித்தாள்.
அந்தம்மா ஒன்றைக் கடித்தாள்,
அது வாயில் கரைந்து காணாமல் போனதும்
திடுக்கிட்டுக் கணவரைப் பார்த்தாள்,
ஏதோ திருட்டுப் போனதுபோல.
பெயர் சந்திமா. ஊர் மேதினிபூர்.
இவ்வளவுதான் எங்களுக்குப் புரிந்தது.

இரவு அவர்களே கூட்டிப்போன மெஸ்ஸில்
கடுகு அரைத்த ஆற்று மீன்.
கடல் பார்க்காத மீன், ஆனாலும் மோசமில்லை
என்று தீர்ப்புச் சொன்னாள் என் மனைவி.
பாதிச் சோற்றை மிச்சம் வைத்தாள்.
அதை நான் பார்க்கவில்லை என்று
அவள் நினைத்துக்கொண்டாள்.

நாலாம் நாள் டாக்டர்
மூன்று வாக்கியங்கள் பேசினார்.
நடுவில் உள்ளது எனக்குக் கேட்கவில்லை.
அவளுக்குக் கேட்டது.
காட்பாடியிலிருந்து திரும்பும் டிக்கெட்டை ரத்து செய்ததில்
இருநூற்றி நாற்பது ரூபாய் பிடித்துக்கொண்டார்கள்,
அதற்குத்தான் நான் கவுன்ட்டரில் கத்தினேன்.
எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

லாட்ஜில் மறுபடி அதே பதிவேடு.
"இன்னும் ஒரு மாசத்துக்கு
ரூம் கீதா?" என்றாள்.
மேனேஜர் சிரிக்கலாமா என்று யோசித்தார்.
புதுப் பக்கம் இல்லை, அதே பக்கம்தான்,
எங்கள் பழைய வரிக்குக் கீழே
நாலைந்து சிகிச்சை சேர்ந்திருந்தது.
பெயர், ஊர், வயது, உடன் வந்தவர்
எல்லாம் நிதானமாக நிரப்பினாள்.
ஏழாவது கட்டத்துக்கு வந்ததும்
விரலால் மேலே தடவிப்போய்
தன் வரியைக் கண்டுபிடித்து
ஒரு கோடு இழுத்து எழுதினாள்,
மேற்படி.