எல்லைக்கல் பக்கத்துக் கோல்

கடிதம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
ஐந்து மண்டலம் மூன்றாகிவிட்டது.
பெரிய கல்லூரிகள் எட்டும் தனியே பிரிந்து
சூப்பர் லீக் ஒன்று கட்டிக்கொண்டன.
அதற்கு டிவி உண்டு, டயர் கம்பெனி உண்டு,
ராத்திரியைப் பகலாக்கும் விளக்குண்டு.
மிஞ்சியவர்களை
அரிசியில் கல் பொறுக்குவதுபோல் பொறுக்கி
மூன்றாம் மண்டலத்தில் போட்டிருந்தார்கள்.
எங்கள் முதல் ஆட்டம் தேவதானப்பட்டியில்.
களியக்காவிளையிலிருந்து ஏழு மணி நேரம்,
பஸ் பஞ்சராகாமல் இருந்தால்.

நான் பிறிஸ்கில்லா. வணிகவியல் துறை.
போன வருடம் விளையாட்டு ஆசிரியர் ஓய்வுபெற்றதும்
விசிலும் சாவிக்கொத்தும் என் மேசைக்கு வந்தன.
ஆஃப்சைடு இன்னும் பாதிதான் புரியும்.
கணக்கு முழுதும் புரியும்:
சேர்க்கைக் கட்டணம் நாற்பதாயிரம்,
கையிருப்பு ஆறாயிரத்து இருநூறு,
பதினெட்டுப் பையன்கள், பதினான்கு ஜோடி பூட்ஸ்.

எங்கள் மேற்குக் கோலுக்குப் பின்னால்
பதினாறு எட்டு வைத்தால் எல்லைக்கல்.
கம்பத்துக்கு மேலே போன பந்து
கேரளத்தில் விழும்.
வெயில் கண்டால் ரப்பர் ஷீட் காயப்போடும்
சுகுமாரன் நாயர்
"இதா, நிங்ஙளுடெ பந்து" என்று
செக்போஸ்ட்டுக்குத் தெரியாமல்
காலால் தட்டி மாநிலம் கடத்துவார்.

அந்தப் பக்கம் பாறசாலைக் கல்லூரி.
பதினொரு வருடமாக ஓணத்துக்கு முந்தின சனிக்கிழமை
அவர்களோடுதான் ஆட்டம்.
கோப்பை கிடையாது, ஓர் அலுமினியச் சருவம்;
தோற்றவர் அதில் பாயசம் வைக்கவேண்டும்.
புதிய விதி, பிரிவு ஒன்பது:
வேற்று மாநில அணியோடு ஆட
தொண்ணூறு நாள் முன்பே அனுமதி.
பதினாறு எட்டுக்குத் தொண்ணூறு நாள்.

ஜெறிபால் போய்விட்டான்.
இடப்பக்கம் ஓடினால் கொடிக்கம்பமும் திரும்பிப் பார்க்கும்.
"ஹாஸ்டல் ஃப்ரீ மிஸ், ரெண்டு ஜோடி பூட்ஸ் மிஸ்,
அப்பாக்க வள்ளத்துக்கு லோன் கிடக்கு மிஸ்."
சூப்பர் லீக் விலைக்கு வாங்கியதைத்
தப்பென்று சொல்ல என்னிடம் என்ன இருந்தது?
டி.சி.யில் கையெழுத்துப் போடுமுன்
எழுதாத பேனாவை இரண்டுமுறை உதறினேன்.
எழுதும் பேனாதான் அது.

கேப்டன் பெர்க்மான்ஸ் கேட்டான்:
"சேரல்லேன்னா நம்ம என்ன டீம்?"
தமிழ்த்துறை தாணுலிங்கம் டீயை வைத்துவிட்டுச் சொன்னார்:
"வெண்பாவில் தனிச்சொல் என்று ஒன்று உண்டு.
இரண்டாம் அடியின் ஓரத்தில்,
ஒரு சிறு கோட்டுக்கு அப்பால் தள்ளி நிற்கும்.
அதை எடுத்துப் பாருங்கள்,
மேலும் கீழும் தனித்தனியாகக் கழன்றுவிடும்."
கோல்கீப்பர் மாகீன் கேட்டான்:
"அதுக்குப் பஸ் காசு யாரு சார் கொடுப்பா?"

சேரவில்லை.

அந்தப் பருவத்தில் நாங்கள் ஆடியவர்கள்:
போக்குவரத்துப் பணிமனை, மார்த்தாண்டம் ஐஸ் பிளான்ட்,
செமினாரிப் பையன்கள் (ஃபவுல் செய்துவிட்டு ஜெபிப்பார்கள்),
வெறுங்காலில் வந்து எங்களை
நாலுக்கு ஒன்று புரட்டிய
செங்கல்சூளை அஸ்ஸாம்காரர்கள்.
வழக்கம் விடாமல் நான் அட்டவணை போட்டேன்.
அதில் ஒரே பெயர்.
முதலிடம் நாங்கள். கடைசி இடமும்.

ஆவணி பிறந்ததும் பாறசாலை கோச் சோமசேகரன் போன்.
அவர்கள் லீக்கையும் வெட்டி ஒட்டியிருக்கிறார்களாம்.
"டீச்சரே, நிங்ஙளுக்கு அனுமதி வேண்டா. எங்ஙளுக்கு வேணம்."
கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் மழைச் சத்தம்.
பிறகு அவரே கேட்டார்,
அந்த மேற்குக் கோலுக்கு வலை கட்டியாச்சா என்று.
இல்லை என்றேன்.
கட்டவேண்டாம் என்றார்.

சனிக்கிழமை மூன்றரை மணி.
பெர்க்மான்ஸ் வானத்தைப் பார்த்து ஓங்கி அடித்தான்.
பந்து ரப்பர் ஷீட்டில் பட்டு அந்தப் பக்கம் விழுந்தது.
நாயர் காலைத் தூக்கவில்லை,
கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.
ஒரு பந்தைத் திருப்பிக் கொடுக்க
பதினொரு பேர் வந்தார்கள்,
பூட்ஸ் போட்டுக்கொண்டு.
பின்னால் ஒருவன் சருவத்தைத்
தலையில் கவிழ்த்திருந்தான், மழைக்கு.

இரண்டு பூஜ்யம். தோற்றோம்.
பாயசத்துக்கு வெல்லம் வாங்கிய பில்
'மைதானப் பராமரிப்பு' என்ற தலைப்பில் போயிற்று.
அட்டவணையைத் திறந்து பார்த்தேன்:
முதலிடம் போகவில்லை.