அறுபத்தொன்பதாம் வாசல்

புளியரை பாலிடெக்னிக்கில்
நாற்பது கம்ப்யூட்டர்,
ஒன்றுக்கும் ஹார்ட் டிஸ்க் கிடையாது.
பொத்தானை அமுக்கினால்
தன் பெயரே தெரியாமல் எழுந்து
கேபிளுக்குள் கூவும்:
யாராவது இருக்கீங்களா, நான் யாரு?

காலை ஒன்பதுக்குத் தேர்வு.
இப்போது இரவு பத்தேகால்.

சர்வர் எழுந்தவனுக்கு முகவரி கொடுக்கும்.
அறுபத்தொன்பதாம் போர்ட்டில் போய்க் கேள்,
மிச்சத்தை அங்கே தருவார்கள் என்னும்.
கேட்பான்.
பிறகு கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு
மின்னும், மின்னும்,
நேரம் கடந்துவிட்டது.
இதே வாக்கியத்தை
ஒவ்வொரு நாற்காலியாக உட்கார்ந்து வாசித்தேன்.

சர்வீஸ் ஓடுகிறது. ஃபைல் இருக்கிறது.
பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்த்தாயிற்று.
யாரும் வாசிக்கலாம் என்று அனுமதியும் உண்டு.
சர்வரில் உட்கார்ந்து சர்வரிடமே கேட்டால்
இமைப்பதற்குள் தந்துவிடுகிறது.
தன் இலையில் தானே பரிமாறிக்கொள்ளும் வீடு.

பேச்சித்தாய் அக்கா சாவிக்கொத்தோடு நின்றாள்.
"பூட்டவா சார், நிக்கவா?"
நில்லுங்க.

கேபிளில் போவதை ஒட்டுக்கேட்டேன்.
முதல் துண்டு, ஐந்நூற்றுப் பன்னிரண்டு பைட்.
மறுபடி முதல் துண்டு.
மறுபடியும் அதே முதல் துண்டு,
காது கேளாதவரிடம் வழி சொல்வது மாதிரி.

அப்புறம்தான் உறைத்தது.
கேட்பது மட்டும்தான் அறுபத்தொன்பதில்.
கொடுப்பது வேறு வாசல்,
அந்த நேரத்துக்கு அகப்பட்ட ஏதோ ஒரு எண்.
'வந்து சேர்ந்தது' என்ற சீட்டும்
அந்த வாசலுக்குத்தான் திரும்ப வேண்டும்.
ஃபயர்வால் கையிலிருந்த பட்டியலில் அந்த எண் இல்லை.
வந்த சீட்டையெல்லாம் சத்தமில்லாமல் கிழித்துக்கொண்டிருந்தது.
பட்டியலை எழுதியவன் நான்.
போன மே மாதம். பாதுகாப்புக்காக.

திறந்துவிட்டேன்.
துண்டு, சீட்டு, துண்டு, சீட்டு,
லாரியிலிருந்து மூட்டை எண்ணி இறக்குகிற நிதானத்தில்
முப்பத்துநான்கு திரை வெளுத்தன.
சுவரோர வரிசையில் ஆறு
இன்னும் இருட்டு.

அக்காவைப் பார்க்காமல் டீக்கு நடந்தேன்.
செக்போஸ்டில் வைக்கோல் லாரிகள்
ஆரியங்காவுக்கு ஏறக் காத்துக் கிடந்தன.
மலையிலிருந்து சாரல் படுத்தபடி வந்தது.
பையில் போன் துடித்தது:
கேரளத்துக்கு நல்வரவு.
நான் இன்னும் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான்,
கையில் தமிழ்நாட்டு டீ.
எந்த டவர் முந்திப் பேசியதோ
அந்த ஊர்க்காரனாகிவிட்டிருந்தது போன்.

முந்திப் பேசியவர்!

டீயை வைத்துவிட்டு ஓடினேன்.
அந்த ஆறும் நான் யாரு என்று கேட்கும்போது
சர்வருக்கு முன்னால் வேறு எவனோ பதில் சொல்கிறான்.
முகவரி தருகிறான்,
அதற்கப்புறம் எங்கே போக வேண்டும் என்று சொல்வதில்லை.

சுவருக்குப் பின்னால் ஹாஸ்டல்.
வார்டன் மைதீன் பிச்சை அறையில்
லேப் கேபிளைக் குடித்துக்கொண்டு
பச்சையாகக் கண் சிமிட்டியது
தவணையில் வாங்கிய ரௌட்டர்.
லேப்டாப்பில் பந்து ஓடியது.

"ரெண்டுக்கு ரெண்டு சார்.
இன்னும் நாலே நிமிஷம்."

கை கேபிள்மேல்தான் இருந்தது.
உட்கார்ந்தேன்.
நாலு நிமிடம் பதினொன்றானது.
யாரும் கோல் அடிக்கவில்லை.
பேச்சித்தாய் அக்கா வாசலில் வந்து நின்று
சாவிக்கொத்தை ஒருமுறை குலுக்கினாள்.