அரைப் பூ

முப்பத்தொரு படத்தையும் கவரில் போட்டுவிட்டு
லேப் பையன் பிரகதீஸ் கேட்டான்:
"மூலையில உங்க குட்டி முகம் எல்லாத்துலயும் வந்திருக்குக்கா,
வெட்டி எடுத்துரவா?"

எல்லாம் வீடியோ காலில் பிடித்தவை.
துவாஸ் விடுதியின் கீழ்க்கட்டிலில்
மேல்கட்டில்காரரின் துண்டு தொங்க
நெற்றி மட்டும் வெளிச்சமாய் அவர்.
வலது மேல் மூலையில்
தபால்தலை அளவுக்கு நான்.
ஒன்றில் ஈரத்தலை. ஒன்றில் வாய் நிறையச் சோறு.
ஒன்றில் நானே இல்லை, ஃபேன் சுற்றுகிறது.

ஒன்பது வருஷத்தில்
சேர்ந்து நின்றது என்று எண்ணினால்
நிக்காஹ் அன்றைக்கு ஆறு,
திருச்சி ஏர்போர்ட்டில் இரண்டு.
அந்த இரண்டிலும் டிராலிதான் நடுவில்.

வெட்டாதே என்றேன்.
கூத்தாநல்லூர் கடைத்தெருவில்
சந்தனக் கலர் சார்ட் எட்டு, பிளேடு,
ஊதா ஸ்டாம்ப் பேட் ஒன்று.

ஒவ்வொரு அட்டைக்கும் இரண்டு ஜன்னல்.
பெரியது அவருக்கு.
சின்னதை வெட்டுவதுதான் பாடு,
பிளேடு திரும்ப இடமில்லை,
என் காதை இரண்டு தரம் அறுத்துவிட்டேன்.

பார்டருக்கு வெண்டைக்காய்.
காம்புப் பக்கம் நறுக்கினால் ஐந்து இதழ்.
முற்றலாய் இருக்கணும், இளசு நசுங்கிவிடும்.
முற்றல் கொடுங்கள் என்றால்
காய்க்காரம்மா ஏற இறங்கப் பார்க்கிறாள்.
பேட்டில் தொட்டு, துணியில் ஒருதரம் ஒற்றி,
வைத்து, அசக்காமல் எடுக்கணும்.
விதையிருந்த இடம் வெறுமையாய் நிற்கும்.

முதல் அட்டை கெட்டது.
இடது மூலையில் ஆரம்பித்து
பதித்துக்கொண்டே போனேன் போனேன்,
வலது மூலைக்கு வந்தால்
அரைப் பூவுக்குத்தான் இடம்.
இரண்டாவதில் நெருக்கிப் பதித்தேன்.
இப்போது ஒன்றே கால் பூ மிச்சம்.
மூன்றாவதில்தான் புத்தி வந்தது:
மூலை நாலையும் முதலில் முடி,
பிறகு இரண்டு பக்கமிருந்தும்
நடுவுக்கு வா.

வந்தேன்.
குட்டைப் பக்கங்கள் கச்சிதம்.
நீளப் பக்கத்தில்
இங்கிருந்து ஏழு, அங்கிருந்து ஏழு,
நடுவில் பூ கொள்ளாது,
சும்மா விட்டால் பல் விழுந்த வாய்.

இஷா முடிந்து போன் வந்தது.
"ஆத்துல தண்ணி வந்துருச்சா?"
எடுத்ததும் இதுதான் கேட்பார்.
ஒரு சென்ட் வயல் கிடையாது எங்களுக்கு.
"வெண்ணாத்துல நேத்தே வந்துருச்சு.
குப்பையத் தள்ளிக்கிட்டு வந்துச்சு,
பாலத்துல நின்னு ஊரே பாத்துச்சு."
"கையில என்ன ஊதா?"
"வெண்டைக்காய்."
"வெண்டைக்காய் ஊதாவாவா வருது இப்ப?"
"புது ரகம்."
சிரித்தார். அதிலேயே உறைந்தார்.
உதடு அசையாத முகத்திலிருந்து
கேக்குதா, கேக்குதா என்று
சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.
பழக்கத்தில் பொத்தானை அழுத்தினேன்.
முப்பத்திரண்டு.

லைன் போனபிறகு
அட்டையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பெருவிரலைப் பேட்டில் தொட்டு
அந்தச் சந்தில் வைத்தேன்.
சரியாகக் கொண்டது.
கொஞ்சம் சாய்வுதான்.
விடியும்வரை நீளப் பக்கம் எல்லாவற்றுக்கும்,
முப்பத்தொரு அட்டைக்கு
அறுபத்திரண்டு கைநாட்டு.
பி.காம். படித்தவள் நான்.

காலையில் ரேஷன் கடை மெஷின்
என் விரலை ஏற்கவில்லை.
துப்பட்டாவில் துடைத்து, எச்சில் தொட்டு,
மூன்று தரம் வைத்தும் சிவப்பு விளக்கு.
"ரேகையே விழலையேம்மா," என்றார்.
பின்னால் வரிசை முணுமுணுத்தது.
"இடது கை வைங்க."
அது விழுந்தது.

வரும் வழியில் ஒரு சார்ட்.
முற்றலாய் ஒரே ஒரு வெண்டைக்காய்.
காய்க்காரம்மா கையைப் பார்த்தாள்,
காசு வாங்கவில்லை.